தொட்டியின் நோய் தொட்டியோடு போகட்டும்

போன வாரம் சினிமா, அதற்கு முந்தின வாரம் செமஸ்டர் புலம்பல். இந்த வாரம் மீன். "மீனெல்லாம் ஒரு மேட்டரா?" என்று மூடிவிட்டுப் போகாதீர்கள். நம் வகுப்பிலேயே எத்தனை பேர் வீட்டில் கண்ணாடித் தொட்டி இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். ஐப்பசி மழை பிடித்ததும் அதில் பாதிப் பேர் ஒரே கேள்வியோடு வருவார்கள்: "மீன் மேல வெள்ளை வெள்ளையா புள்ளி இருக்குடா, என்ன மருந்து போடணும்?"

என் பதில் எப்போதும் ஒன்றுதான். மருந்து அப்புறம், முதலில் தண்ணீரைப் பார். அதோடு இன்னொன்று: என்ன ஆனாலும் அந்த மீனையும் அந்தத் தண்ணீரையும் வாய்க்காலில் கொட்டாதே. இந்த இரண்டும் தனித்தனி அறிவுரை மாதிரி தெரியும். இரண்டும் ஒன்றுதான் என்று சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், டீ போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

எங்கள் ஊர் தெரியாதவர்களுக்காக: திருத்துறைப்பூண்டி, திருவாரூர் மாவட்டம், காவிரியின் கடைமடை. இங்கே கோயில் கொண்டிருக்கும் சாமியின் பெயர் பிறவி மருந்தீஸ்வரர். சாமி பெயரிலேயே மருந்து இருப்பதாலோ என்னவோ, எதற்கெடுத்தாலும் முதலில் மெடிக்கலுக்கு ஓடுவதுதான் எங்கள் வழக்கம் :-) மீனுக்கும் அதேதான்.

"ரொம்ப சென்சிட்டிவ் மீன் சார்"

நியான் டெட்ரா, கார்டினல் டெட்ரா, ராம், டிஸ்கஸ் இதையெல்லாம் விற்கும்போது கடைக்காரர் இப்படித்தான் சொல்வார். நாமும் அதை நோஞ்சான் மீன் என்று நினைத்துக்கொள்கிறோம். அது தவறு. இந்த மீன்களின் பூர்வீகம் தென் அமெரிக்கா, பெரும்பாலும் அமேசான், ஒரினோகோ ஆற்றுப் பகுதிகள். அங்கே இலைதழை ஊறித் தேநீர் நிறத்தில் ஓடும் தண்ணீரில் உப்புச்சத்து மிகக் குறைவு, லேசான அமிலத்தன்மை உண்டு. அந்தத் தண்ணீரில் அவை லட்சக்கணக்கான ஆண்டுகளாக நன்றாகத்தான் வாழ்கின்றன.

இப்போது நம் ஊர் போர் தண்ணீரை யோசியுங்கள். வாயில் ஊற்றினாலே உப்புக் கரிக்கும். பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும், சோப்பு நுரைக்காது. அதாவது கடின நீர். பி.எச் பல இடங்களில் 8-ஐ ஒட்டி நிற்கும். தமிழ்நாட்டில் விற்கும் வண்ண மீன்களில் பெரும்பகுதி சென்னை கொளத்தூரிலும் அதைச் சுற்றியும் உள்ள பண்ணைகளில் வளர்ந்தவை. அங்கிருந்து பாலித்தீன் பையில் ஆக்சிஜன் அடைத்து, பஸ்ஸிலும் லாரியிலும் இரவெல்லாம் குலுங்கி, ஒரு கடைத் தொட்டி, அப்புறம் நம் தொட்டி. இரண்டு நாளில் மூன்று விதத் தண்ணீர். வயலில் நிற்கிற நம்ம ஊர் ஆளை ராத்திரியோடு ராத்திரியாக ஊட்டியில் சட்டை இல்லாமல் இறக்கிவிட்டு, மறுநாள் சளி பிடித்தால் "ரொம்ப வீக் பாடி" என்று சொன்னால் எப்படி இருக்கும்? அதே நியாயம்தான் இது.

அடுத்தது அமோனியா. மீன் கழிவிலிருந்தும் மிச்சத் தீனியிலிருந்தும் அமோனியா வந்துகொண்டே இருக்கும். அதை நைட்ரைட்டாகவும், பிறகு ஆபத்து குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகிற பாக்டீரியாக்கள் ஃபில்டர் பஞ்சிலும் கூழாங்கல்லிலும் குடியேற நான்கிலிருந்து ஆறு வாரம் வரை ஆகும். நாமோ ஞாயிற்றுக்கிழமை தொட்டி வாங்கி, அன்றைக்கே தண்ணீர் ஊற்றி, சாயங்காலமே பத்து மீன் விடுகிறோம். இதில் கடைமடைக்காரனுக்குக் கூடுதல் சிக்கல் ஒன்று உண்டு. பி.எச் 7-லிருந்து 8-க்கு ஏறினால், மொத்த அமோனியாவில் மீனைக் கொல்லும் வடிவத்தின் பங்கு ஏறக்குறைய பத்து மடங்கு கூடிவிடும். அதே அளவு அழுக்கு, மென்னீர் உள்ள ஊரில் மீனைச் சோர வைக்கும். நம் ஊரில் சாகடிக்கும்.

அதனால்தான் சொல்கிறேன், மீன் மேலே வந்து வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் அது பெரும்பாலும் நோய் இல்லை, தண்ணீர். அமோனியாவாக இருக்கலாம், காற்று போதாமல் இருக்கலாம். குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றியிருந்தால் குளோரினாக இருக்கலாம். குடிநீரில் கிருமி கொல்ல மிச்சம் இருக்க வேண்டிய குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் என்பது இந்தியத் தரநிர்ணயம். நமக்குப் பாதுகாப்பான அந்த அளவே மீனின் செவுளுக்கு நெருப்பு. வாய் அகன்ற பக்கெட்டில் ஒரு நாள் திறந்து வைத்தாலே குளோரின் பெரும்பாலும் போய்விடும். அவசரத்துக்கு ஆன்டி குளோரின் சொட்டு எல்லா மீன் கடையிலும் கிடைக்கும்.

வெள்ளைப் புள்ளிக்கு ஒரு கணக்கு

சரி, நிஜமாகவே நோய்தான் என்று வைத்துக்கொள்வோம். ரவை தூவின மாதிரி வெள்ளைப் புள்ளி. ஆங்கிலத்தில் "இக்" என்று சுருக்கமாகச் சொல்வார்கள். முழுப் பெயர் இக்தியோஃப்திரியஸ், ஒற்றைச் செல் ஒட்டுண்ணி. மழைக்காலத்தில் இது தலைகாட்டுவதற்குக் காரணம், ராத்திரியில் தண்ணீர் திடீரென்று குளிர்வதும் அதனால் மீனின் எதிர்ப்புச் சக்தி இறங்குவதும்தான்.

இதன் வாழ்க்கைக் கதை தெரிந்தால் வைத்தியம் தானாகப் புரியும். நாம் பார்க்கும் வெள்ளைப் புள்ளி, மீனின் தோலுக்குள் பாதுகாப்பாக உட்கார்ந்து தின்கிற நிலை. அங்கே எந்த மருந்தும் அதைத் தொடாது. தின்று கொழுத்ததும் கழன்று அடியில் விழுந்து, ஒரு கூட்டுக்குள் நூற்றுக்கணக்காகப் பிளக்கும். அந்தக் குஞ்சுகள் வெளியே நீந்தி வந்து, ஒன்றிரண்டு நாளைக்குள் ஒரு மீனைப் பிடிக்க வேண்டும். பிடிக்காவிட்டால் செத்துவிடும். நாம் அடிக்க முடிவது அந்த நீந்துகிற நிலையை மட்டும்தான்.

"மருந்து போட்டேன், மூணே நாள்ல புள்ளி போயிடுச்சு, மருந்தை நிறுத்திட்டேன், மறுபடி நூறு புள்ளி வந்துடுச்சு" என்று புலம்புகிறவர்களுக்கு இதுதான் விடை. புள்ளி போகவில்லை, கீழே இறங்கிக் குட்டி போட்டிருக்கிறது.

மென்மையான மீனுக்கு நான் சொல்லும் வரிசை இது:

தினமும் கால்வாசித் தண்ணீரை மாற்றுங்கள், அடியில் கிடக்கும் அழுக்கைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுங்கள். கீழே விழுந்த கூடுகளில் ஒரு பங்கு அதோடு போய்விடும். புதுத் தண்ணீரும் தொட்டித் தண்ணீரும் ஒரே வெப்பத்தில் இருக்க வேண்டும்.

ஹீட்டர் இருந்தால் சில மணி நேரத்துக்கு ஒரு டிகிரி என்று மெல்ல ஏற்றி 30 டிகிரிக்குக் கொண்டு போங்கள். சூட்டில் ஒட்டுண்ணியின் சுழற்சி வேகமாக முடியும், அது பெருகவும் திணறும். ஆனால் சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறையும், எனவே காற்று பம்ப் இரவும் பகலும் ஓடட்டும்.

கல்லுப்பு, லிட்டருக்கு ஒரு கிராமில் தொடங்கலாம். 50 லிட்டர் தொட்டிக்கு 50 கிராம், தனியாகக் கரைத்து இரண்டு மூன்று தவணையாக. வேதாரண்யத்து உப்பளம் பக்கத்தில் இருப்பதற்கு இதற்காவது பயன்படட்டும். டெட்ராவும் கோரிடோரஸ் கெளுத்தியும் தொட்டிச் செடிகளும் அதிக உப்பைத் தாங்காது. உங்கள் போர் தண்ணீரே ஏற்கெனவே உப்பு என்றால் இன்னும் கவனம்.

கடைசிப் புள்ளி மறைந்த பிறகும் குறைந்தது ஐந்தாறு நாள் தொடருங்கள்.

இதற்கும் கேட்காவிட்டால்தான் கடை மருந்து. மாலகைட் கிரீன் கலந்த மருந்தென்றால் டெட்ராவுக்கும் செதில் இல்லாத மீனுக்கும் பாட்டிலில் போட்டிருக்கும் அளவில் பாதி. மெத்திலீன் ப்ளூவைப் பெரிய தொட்டியில் ஊற்றாதீர்கள், ஃபில்டரில் இருக்கும் நல்ல பாக்டீரியாவும் போய்விடும். தனி பிளாஸ்டிக் டப்பில் நோயாளியை வைத்துப் போடுங்கள்.

இன்னொரு விஷயம், நம் ஊருக்கே உரியது: கரண்ட். 2018 நவம்பர் 16-ல் கஜா அடித்தபோது பல கிராமங்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. அவ்வளவு வேண்டாம், சாதாரணமாக அரை நாள் கரண்ட் போனாலும் மூடிய ஃபில்டருக்குள் இருக்கும் பாக்டீரியா மூச்சு முட்டிச் சாக ஆரம்பிக்கும். கரண்ட் வந்ததும் அப்படியே சுவிட்சைப் போட்டால் அந்த அழுகல் முழுக்கத் தொட்டிக்குள் வரும். முதலில் பஞ்சைத் தொட்டித் தண்ணீரிலேயே அலசிவிட்டு ஓடவிடுங்கள். கரண்ட் இல்லாத நேரத்தில் ஒரு சொம்பால் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே இருந்தாலும் மீன் பிழைக்கும்.

கேப்சூல் கலாசாரம்

இப்போது எனக்குக் கோபம் வருகிற இடம். துடுப்பு அரித்தால் டெட்ராசைக்ளின், வாயில் பஞ்சு மாதிரி வந்தால் டெட்ராசைக்ளின், வயிறு வீங்கினால் டெட்ராசைக்ளின். மனிதருக்கான கேப்சூலைப் பிரித்துத் தொட்டியில் கொட்டி, தண்ணீர் மஞ்சளாவதைப் பார்த்து நிம்மதி அடைகிறார்கள். டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத மருந்து அது. எப்படிக் கிடைக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும்.

கேட்கிறவர்களுக்கு ஒரு வேதியியல் செய்தி. டெட்ராசைக்ளின், தண்ணீரில் உள்ள கால்சியம், மெக்னீசியத்தோடு ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒட்டிக்கொண்டது மீனின் உடம்புக்குள் சரியாகப் போகாது. கடின நீரில் அந்த மருந்துக்கு வீரியம் இல்லை என்று அர்த்தம். நம் ஊர் போர் தண்ணீரில் மீன் குணமாவது அபூர்வம். ஆனால் அரைகுறை மருந்தில் பழகின பாக்டீரியா மட்டும் தயாராகிவிடும். அடுத்து அந்தத் தண்ணீர் எங்கே போகிறது? கொல்லைப்புறச் சாக்கடைக்கு. சாக்கடை எங்கே போகிறது? வாய்க்காலுக்கு. அந்த வாய்க்காலில்தான் மாடு தண்ணீர் குடிக்கிறது, பையன்கள் குதித்து விளையாடுகிறார்கள்.

மருந்துக்குப் பழகின கிருமி, மீனோடு நிற்காது. மைக்கோபாக்டீரியம் மெரினம் என்று ஒரு பாக்டீரியா இருக்கிறது, காசநோய்க் கிருமியின் தூரத்து உறவு. நோயுற்ற தொட்டியில் கை விடுகிறவருக்குக் கையில் வெட்டுக்காயம் இருந்தால் அது வழியாகத் தோலில் கட்டியை உண்டாக்கும். ஆறப் பல மாதம் ஆகும். ஆகவே புண் உள்ள கையைத் தொட்டிக்குள் விடாதீர்கள், தொட்டியைக் கழுவியபின் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

"ஆத்துல விட்டா பொழைச்சுக்கும்"

சில நோய்க்கு வைத்தியமே கிடையாது. நியான் டெட்ராவுக்கென்றே ஒரு நோய் உண்டு. பளபளவென்ற நீலக்கோடு வெளுத்து, முதுகு வளைந்து, கூட்டத்தை விட்டுத் தனியே நிற்கும். தசைக்குள் வளரும் பிளீஸ்டோஃபோரா என்ற நுண்ணுயிர். இதற்கு மருந்து இல்லை. செத்த மீனை மற்றவை கொத்தித் தின்றால் அவற்றுக்கும் வரும். செய்யக்கூடியது ஒன்றே: பார்த்தவுடன் பிரித்து எடுப்பது.

பிரித்து எடுத்து? இங்கேதான் நம் மனசு இளகிவிடுகிறது. மனுநீதிச் சோழன் கதை கேட்டு வளர்ந்த மாவட்டம் அல்லவா! கையால் கொல்ல மனம் வராது. வீட்டில் அம்மா சொல்வார்: "பாவம்டா, முள்ளியாத்துல விட்டுடு, ஆயுசு இருந்தா பொழைச்சுக்கும்." பிள்ளையும் சைக்கிளில் போய் விட்டுவிட்டு, புண்ணியம் செய்த திருப்தியோடு திரும்பி வருவான்.

அந்த மீன் பிழைக்காது. அது இரக்கம் இல்லை, நம் கண்ணுக்கு மறைவாகச் சாக விடுவது. அதைவிடப் பெரிய கவலை, அது பிழைத்தாலும் செத்தாலும் அதன் உடம்பில் இருப்பது ஆற்றில் இறங்கிவிடும் என்பது.

சும்மா பயமுறுத்தவில்லை, நடந்த கதை இருக்கிறது. உங்கள் அப்பாவிடமோ தாத்தாவிடமோ கேட்டுப் பாருங்கள், விரால் மீனெல்லாம் உடம்பு முழுக்கப் புண்ணோடு மிதந்த காலம் அவர்களுக்கு நினைவிருக்கலாம். இ.யு.எஸ். என்று சுருக்கமாகச் சொல்லும் கொள்ளைப் புண் நோய் அது. காரணம் அஃபனோமைசிஸ் என்ற பூஞ்சை போன்ற உயிரி. 1971-ல் ஜப்பானிலும், 1972-ல் ஆஸ்திரேலியாவிலும் கண்ட நோய், தென்கிழக்கு ஆசியா வழியாக நகர்ந்து 1987-ன் கடைசியில் இலங்கைக்கும், 1988-ல் வங்கதேசத்துக்கும், அதே ஆண்டில் நம் வடகிழக்கு மாநிலங்களுக்கும் வந்து சேர்ந்தது. சில ஆண்டுகளில் தெற்கு வரை இறங்கியது. விரால், குரவை, கெண்டை இவைதான் அதிகம் அடிபட்டவை. நம் வயலிலும் வாய்க்காலிலும் கிடக்கிற அதே மீன்கள். கனமழைக்குப் பின் தண்ணீர் குளிரும் மாதங்களில்தான் அது தாக்கும், அதாவது நம்முடைய சம்பா காலத்தில். புண்ணைப் பார்த்துப் பயந்து ஜனங்கள் மீன் வாங்குவதையே நிறுத்தினார்கள். பிடிக்கிறவன் பிழைப்பும் போனது. புவனேஸ்வரத்தில் உள்ள மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் இதற்காகவே 'சிஃபாக்ஸ்' என்று ஒரு மருந்தை உருவாக்க வேண்டியிருந்தது. அதைக் குளத்தில் போடலாம். ஓடுகிற ஆற்றுக்கு எங்கே போடுவது?

இந்த நோய் நாடுவிட்டு நாடு போனதில் வண்ண மீன் வியாபாரத்துக்கும் பங்கு இருக்கலாம் என்று ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். சிங்கப்பூரிலிருந்து ஜப்பானுக்கு ஏற்றுமதியான குள்ள கௌராமி மீன்களில் இதே நோய் கண்டறியப்பட்டிருக்கிறது. இன்றைக்கும் நாம் கடையில் ஆசையாக வாங்குகிற மீன்தான் அது.

நோயில்லாத மீனை விட்டாலும் இதே கதைதான். 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவந்த சிலேபி, இன்று எந்தக் குட்டையில் இல்லை? 'டேங்க் கிளீனர்' என்று வாங்கி, கை நீளம் வளர்ந்ததும் ஏரியில் எறிந்த மீன் தமிழ்நாட்டு ஏரிகளில் பெருகி மீனவர் வலையைக் கிழிக்கிறது.

திருத்துறைப்பூண்டிக்காரர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதே இல்லை. ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்தி, நெல் ஜெயராமன் 174 பாரம்பரிய நெல் ரகங்களைத் தேடிச் சேர்த்த மண் இது. 2018-ல் அவர் மறைந்தபோது ஊரே அழுதது. ஒரு ரகம் போனால் போனதுதான் என்று நெல் விஷயத்தில் நமக்குத் தெரியும். அந்த நெல் நின்ற வயலிலேயே நீந்திய விராலுக்கும் குரவைக்கும் பனையேறிக் கெண்டைக்கும் திருவிழா நடத்தாவிட்டாலும் பரவாயில்லை, வியாதியைக் கொண்டுபோய்க் கொட்டாமலாவது இருக்கலாமே.

அப்போ என்னதான் செய்வது?

குணமாகாது என்று உறுதியான மீனுக்குக் கிராம்பு எண்ணெய். ஒரு சின்னப் பாட்டில் தண்ணீரில் எண்ணெயை விட்டு நன்றாகக் குலுக்கி, மீன் இருக்கும் பாத்திரத்தில் மெல்லக் கலக்க வேண்டும். லிட்டருக்கு எட்டிலிருந்து பத்துச் சொட்டு. முதலில் மயங்கும், பிறகு செவுள் அசைவு நிற்கும். நின்ற பிறகும் பத்துப் பதினைந்து நிமிடம் விட்டுவிட்டு, வாய்க்காலிலிருந்து தள்ளி மண்ணில் புதையுங்கள். கொல்வதற்கு மனம் வலிக்கத்தான் செய்யும். அந்த வலியை நாம் வாங்கிக்கொள்வதுதான் வளர்த்தவன் கடமை. ஆற்றில் விடுவது அந்த வலியை ஆற்றின் தலையில் கட்டுவது.

நோயாளித் தொட்டியின் தண்ணீரைச் சாக்கடையில் விடாமல் காய்ந்த மண்ணில் ஊற்றுங்கள். உப்புப் போட்ட தண்ணீரைச் செடிக்கு ஊற்றாதீர்கள். வலை, குழாய், டப் எல்லாவற்றையும் ப்ளீச்சிங் பவுடரில் கழுவி வெயிலில் நன்றாகக் காயவையுங்கள். வெயிலுக்கு இங்கே பஞ்சமா என்ன?

புது மீன் வாங்கினால் மூன்று நான்கு வாரம் தனி டப்பில். தயவுசெய்து இதை மட்டுமாவது செய்யுங்கள். முக்கால்வாசி நோய் புது மீனோடுதான் வீட்டுக்கு வருகிறது.

"முப்பது ரூபாய் மீனுக்கு இவ்வளவு அலப்பறையா? செத்தா இன்னொன்னு வாங்கிக்கலாம்" என்று ஒரு நண்பன் கேட்டான். நியாயமான கேள்வி. அமோனியா பார்க்கும் டெஸ்ட் கிட் விலையில் பத்துப் பதினைந்து டெட்ரா வாங்கலாம்தான். ஆனால் அதே தண்ணீரில் அடுத்த மீனும் சாகும், அதற்கடுத்ததும் சாகும். கணக்குப் போட்டால் கிட் மலிவு. அந்தக் கணக்கில் முள்ளியாற்று விராலை இன்னும் நான் சேர்க்கவே இல்லை.

"டாக்டர் இல்லையே, யாரைக் கேட்பது?" என்பதும் நியாயம். கால்நடை மருத்துவமனைக்கு ஆட்டைக் கொண்டு போகலாம், நியான் டெட்ராவைக் கொண்டு போனால் சிரிப்பார்கள். ஆனால் 2012-ல் தொடங்கிய மீன்வளப் பல்கலைக்கழகம் பக்கத்து நாகப்பட்டினத்தில்தான் இருக்கிறது. தலைஞாயிறில் மீன்வளக் கல்லூரி இருக்கிறது. அங்கே படிக்கிற பிள்ளைகள் மாதம் ஒரு ஞாயிறு திருத்துறைப்பூண்டியில் உட்கார்ந்து தொட்டித் தண்ணீரைச் சோதித்துச் சொன்னால் அவர்களுக்கும் பயிற்சி, நமக்கும் தெளிவு. இது என் ஆசை. இதைப் படிக்கிற மீன்வள மாணவர்கள் யாராவது இருந்தால் கொஞ்சம் யோசியுங்கள்.

கடைசியாக, புதிதாகத் தொட்டி வைக்க ஆசைப்படும் ஜூனியர்களுக்கு: டிஸ்கஸ் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் நம் தண்ணீருக்குக் கப்பியும் மோலியும் நன்றாக ஒத்துப்போகும், கடினமான தண்ணீரே அவற்றுக்குப் பிடிக்கும். அவற்றை ஒரு வருஷம் நோயில்லாமல் வளர்த்துப் பழகிவிட்டு டெட்ராவுக்குப் போங்கள். வாங்குகிற அன்றைக்கே ஹீட்டர், டெஸ்ட் கிட், ஒரு தனி டப் மூன்றையும் சேர்த்து வாங்குங்கள். அதற்குக் காசு இல்லையென்றால் மீனுக்கும் இப்போது காசு இல்லை என்று வைத்துக்கொண்டு அடுத்த மாதம் வரை பொறுங்கள்.

மாற்றுக் கருத்து இருந்தால் தாராளமாகத் திட்டலாம். அடுத்த வாரம் வேறு ஏதாவது எழுதுகிறேன், மீன் இருக்காது, பயப்படாதீர்கள் :-)